விற்பவர் பக்கம் காலி

மாலே
18 ஏப்ரல் 2002, வியாழன்

மனிக்கு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் யும்னாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாதெலுவில் கடை வாசலில் அந்த மணி அடித்தால் நீங்கள் வந்து எடுப்பதற்குள் பாதித் தீவு கூடிவிடும். தலாக் ஆன பெண்டாட்டி என்ன பேசுகிறாள் என்று கேட்க அவ்வளவு பேருக்கு ஆசை.

சரி, உண்மையைச் சொல்கிறேன். காய்ச்சல் ஒரு சாக்கு. நடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இங்கே என்னோடு சண்டை போட்டுக்கொண்டே கேட்கிற ஆள் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சந்தை திறந்தாயிற்று. நம் நாட்டுக்கென்று ஒன்று! "தாள்களை விற்க ஒரு கடையா?" என்று நீங்கள் சிரித்தீர்களே, அதே வேலைதான். ஒரே கூடம், அதற்குத் 'தளம்' என்று பெயர். சுவரில் இரண்டு வெள்ளைப் பலகைகள். இடது பக்கம் 'வாங்குவோர்', வலது பக்கம் 'விற்போர்'. எத்தனை பங்கு, என்ன விலை என்று தரகர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. இரண்டு பக்கமும் ஒரே விலையில் வந்து சேர்ந்தால் வியாபாரம் முடிந்தது. எங்கள் தலைவர் ஷக்கீப் மணி அடிப்பார். புது மணி. இன்னும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஏன் பிரிக்கவில்லை என்று கேளுங்கள். வாங்குவோர் பலகையில் இடமில்லை! வாத்தியார்கள், மாலுமிகள், ஒரு நர்ஸ், மீன் வெட்டுகிறவர்கூட ஒருவர். எல்லாருக்கும் நம் கப்பல் நிறுவனத்தின் பங்கு வேண்டும். விற்போர் பலகையில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒவ்வொரு நாளும் கதவை மூடும்போது ஷக்கீப் அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நிற்கிறார். இன்று டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்: "ஹவ்வா, இந்த நாட்டுல ஒருத்தருக்குக்கூடவா பணமுடை இல்ல?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளுக்குள் பயமும் இருக்கிறது. வியாபாரமே நடக்காத சந்தைக்குப் பலகை எழுத ஓர் ஆள் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்?

ஹஸன்பே படகு இன்று கிளம்புகிறது. முடிக்கிறேன்.

ஹவ்வா


மாதெலு
29 ஏப்ரல்

ஹவ்வா,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. உறை கசங்கியிருந்தது. ஹஸன்பே பிரித்துப் படித்திருப்பார். கேட்டால் "நானா? எனக்குக் கண்ணே தெரியாதே" என்கிறார். கண் தெரியாதவர் பவளப் பாறைக்கு நடுவில் எப்படிப் படகு ஓட்டுகிறார் என்று தெரியவில்லை.

யும்னாவுக்கு மாசியும் வறுத்த பலாக்கொட்டையும் அனுப்பியிருக்கிறேன். உனக்கு இல்லை. ஆனால் நீ எடுத்துத் தின்பாய் என்று தெரிந்து கூடவே வைத்திருக்கிறேன்.

மீனே வராத மீன்சந்தையில் தராசுக்குக் காவல் இருக்கிறாய். இதற்காகவா என் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாலேக்குப் போனாய்? பள்ளிக்கூடத்துக்காக என்பாய். ஆமாம், பள்ளிக்கூடத்துக்காகத்தான். அந்தப் பேச்சு வேண்டாம்.

என் கதையைக் கேள். தோணியின் இன்ஜின் செத்துவிட்டது. மூன்று தடவை பிரித்துக் கோத்தாயிற்று. மற்றவர்கள் சூரை மீன் மேய்கிற இடத்துக்கு விடிவதற்குள் போய்விடுகிறார்கள். நான் கரையில் உட்கார்ந்து அவர்கள் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். ஆனால் அல்லாஹ் ஒரு வழி காட்டியிருக்கிறான். வியாபாரி காஸிம் படகில் வந்து வீடு வீடாக அந்தக் கப்பல் நிறுவனத்தின் பங்குத் தாளை வாங்குகிறார். ஒரு பங்குக்கு நூறு ரூஃபியா, ரொக்கம். நம் பெட்டியில் இருநூறு பங்கு கிடக்கிறது. வாப்பா வாங்கிவைத்தது. வருஷா வருஷம் கொஞ்சம் லாபம் வரும். அதோடு சரி. பழைய இன்ஜின் ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் அந்த இருபதாயிரத்தில் வந்துவிடும். மீதியைக் கடனாகத் தருகிறாராம், பிடிக்கிற மீனை அவருக்கே போட வேண்டும் என்ற பேச்சில். நல்ல மனுஷன்தான்.

ஸன்ஃபா அத்தை நாற்பது பங்கைக் கொடுத்துவிட்டாள். நான் அவருடைய அடுத்த நடைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் வருவார்.

உன் காலிப் பலகைக்கு என் அனுதாபம்.

மனிக்கு


மாலே
6 மே

மனிக்கு,

ஹஸன்பே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். படகுத்துறைச் சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும். ஆனால் பலகை யாருடைய ரகசியமும் இல்லை. தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். அதில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

இன்று கப்பல் நிறுவனப் பங்கு, வாங்குவோர் கேட்கும் உயர்ந்த விலை: 135 ரூஃபியா.

நேற்று 132. முந்தின வாரம் 125. எழுதியது என் கைதான். வேறொன்றும் சொல்லவில்லை.

மனிக்கு, இதைச் சீக்கிரம் படியுங்கள்!

ஹவ்வா

மாசி நன்றாக இருந்தது.


மாதெலு
15 மே

ஹவ்வா!

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

காஸிம் போன வாரமே வந்துவிட்டார். சொன்னதைவிடச் சீக்கிரம். கரையில் கயிற்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மடியில் பணப் பையோடு. நான் பங்குத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து நடந்து வருகிறேன். அப்போதுதான் ஹஸன்பே படகு உள்ளே வந்தது. அவர் கரையில் கால் வைக்கும் முன்பே கத்தினார்: "மனிக்கு, ஒன் பொண்டாட்டி எழுதியிருக்கா, சீக்கிரம் படிக்கணுமாம்!" அவருக்குத்தான் கண் தெரியாதே, பாவம்.

பிரித்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பிறகு சத்தமாகவே படித்தேன்.

"நூத்தி முப்பத்தஞ்சா?" என்றாள் ஸன்ஃபா அத்தை. "எனக்கு நூறுதானே குடுத்த?"

காஸிம் சிரித்தார். "அது மாலே கணக்கு அத்தை. அங்க தண்ணிக்கும்தான் காசு. கடல் தாண்டி வந்து வாங்கற எனக்குப் படகுச் செலவு இல்லையா?"

"ஒரு தாளுக்கு முப்பத்தஞ்சு ரூபா படகுச் செலவா? தாளைத் திமிங்கலத்து மேல ஏத்திக்கிட்டுப் போறியா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கரையே சிரித்தது. காஸிம் எழுந்துவிட்டார். என்னைப் பார்த்து, "தலாக் சொன்ன பொம்பள எழுதினதெல்லாம் உனக்கு வேதமா? ஒன்னைக் கெடுக்கத்தான் எழுதியிருக்கா" என்றார்.

அப்போது எனக்கு வந்தது பார் ஒரு கோபம். "அவ என்னைத் திட்டுவா. எட்டு வருஷமா திட்டினா. ஒரு நாளும் பொய் சொன்னதில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் ஊரே கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

பழைய தோணிப் பலகை ஒன்றைக் கழுவிச் சுண்ணாம்பால் எழுதி இறங்குதுறையில் சாய்த்து வைத்துவிட்டேன்: 'மாலே விலை 135.' பக்கத்துத் தீவிலிருந்து ஆட்கள் படகு பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லா வீட்டுப் பெட்டியிலும் பத்து, இருபது தாள் இருக்கிறது ஹவ்வா. யாருக்கும் அதன் விலை தெரியாது.

ஸன்ஃபா அத்தை மட்டும் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா? இதையாவது சொல்லலாமா, இல்லை அதற்கும் சட்டமா?

காஸிம் போகும்போது மாலேயில் புகார் கொடுப்பேன் என்றார். கொடுக்கட்டும். அடுத்த விலையை எழுது.

மனிக்கு


மாலே
23 மே

மனிக்கு அவர்களுக்கு,

சத்தமாகப் படிக்கச் சொன்னேனா? ஊர் நடுவில்? என் பேரையும் சொல்லி?

புகார் வந்துவிட்டது. ஷக்கீபும் மேலதிகாரி ஒருவரும் என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் காஸிமின் கடிதம். 'தளத்து ஊழியர் தன் முன்னாள் கணவருக்கு உள்விவரம் அனுப்பி வியாபாரத்தைக் குலைக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்.

"எழுதினீங்களா?" என்றார் மேலதிகாரி.

"எழுதினேன்."

"என்னன்னு?"

"பலகையில இருந்த எண்ணை. அன்னிக்குச் சாயங்காலம் மீன்சந்தையில நாலு பேரு அதே எண்ணைச் சொல்லி வாதாடிட்டிருந்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஷக்கீபுக்கு உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். முடிவு தெரியும்வரை நான் பலகைப் பக்கம் போகக் கூடாது. உள் அறையில் தாள்களை அடுக்குகிறேன். பலகையை வேறொருவர் எழுதுகிறார். அவர் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி போடுகிறார். நேற்று ஒரு தரகர் அதைப் பார்த்து மயங்கி விழப் பார்த்தார்.

மனிக்கு, எனக்கு அந்தப் பலகை பிடித்திருக்கிறது. காலையில் உள்ளே வந்து அதைத் துடைக்கும்போது, இன்றைக்கு இந்த நாட்டில் ஒரு பொருளின் விலையை எல்லாரும் சேர்ந்து சொல்லப்போகிறார்கள், முதலில் அதை எழுதப்போவது என் கை என்று தோன்றும். அதை இழக்கப்போகிறேனோ என்னவோ. உங்கள் சுண்ணாம்பு எழுத்தால்.

ஸன்ஃபா அத்தைக்கு ஒரே ஒரு பதில். இது யோசனை இல்லை, விதி. தளம் திறந்த பிறகு பங்கு கைமாற வேண்டுமென்றால், விற்கிறவர் தரகர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை போடவில்லை என்றால் பங்கு இன்னும் அத்தையுடையதுதான். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

ஹவ்வா


மாதெலு
3 ஜூன்

ஹவ்வா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ சொன்னதை நான் எப்போது கேட்டேன்?

நாலு நாள் தூக்கமில்லை. கடைசியில் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று போனேன். அங்கே ஸன்ஃபா அத்தை நின்றாள். காஸிமின் ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தாளை வாங்கிவிட்டாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதை எங்கடா தூக்கிட்டுப் போற?" என்றாள்.

"இதனால ஹவ்வாவுக்கு வேலை போயிடும் அத்தை."

"அப்ப விலை தெரிஞ்சது தப்பாடா? நமக்கு இத்தனை நாளா தெரியாம இருந்தது தப்பா?"

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தீவு அலுவலகத்தில் எல்லாரும் கூடினோம். காஸிமுக்கு மீன் போடுகிறவர்கள்கூட வந்தார்கள். மாலேயில் இருக்கிறவனுக்கு நடந்து போனால் தெரிகிற விலை, கடலில் இருக்கிறவனுக்கு ஏன் தெரியக் கூடாது, கடல் நிலவரத்தை வானொலியில் சொல்வதுபோல் இதையும் சொல்லுங்கள் என்று எழுதினோம். கைநாட்டும் கையெழுத்துமாகத் தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. தீவுத் தலைவர் அதை ஃபேக்ஸில் உங்கள் ஷக்கீபுக்கு அனுப்பிவிட்டார். உன் பேர் அதில் எங்கும் இல்லை.

இன்னொன்றும் அனுப்பினேன். ஒரு தரகர் பேரைக் கேட்டு வாங்கி அவருக்கு. இருநூறு பங்கு, விற்பனைக்கு. விலை 175.

அதிகமா? குறைவா? இதை மட்டும் சொல்லேன்.

மனிக்கு


மாலே
12 ஜூன்

மனிக்கு! மனிக்கு! மனிக்கு!

மூன்று தடவை எழுதிவிட்டேன், போதும்.

வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் ஃபேக்ஸ் வந்த நாள் ஷக்கீப் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். பிறகு மேலே போனார். அரை நாள் கீழே வரவில்லை. நான் உள் அறையில் அடுக்கின தாளையே மறுபடி மறுபடி அடுக்கினேன். அவர் வந்து கதவைத் தள்ளி, "விலை பொதுச்சொத்து. அதைச் சொன்னவங்க மேல குற்றமில்லைன்னு முடிவாயிடுச்சு" என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் விடவில்லை: "உக்கார நேரமில்லம்மா. நாளையிலேருந்து தினமும் வானொலில விலை வாசிக்கணும். யார் எழுதித் தர்றது? அந்த ஏழும் ஒண்ணுமா? எழுந்திருங்க!"

நான் பலகைக்குத் திரும்பினேன். அதோடு முடியவில்லை. உங்கள் தரகர் எழுந்தார். இளைஞர், குரல் நடுங்குகிறது. "கப்பல் நிறுவனம். விற்பனைக்கு. இருநூறு. நூற்று எழுபத்தைந்து" என்றார்.

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். இத்தனை வாரமாக வெறும் வெள்ளையாக இருந்த அந்தப் பலகையில் எழுதினேன்: 200. 175. உங்கள் பேர் வெளியே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே.

இதுவரை 140-க்கு மேல் போகாதவர்கள், விற்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் துள்ளுகிறார்கள். 148! 150! 153! இன்று 157-இல் நிற்கிறது. நீங்கள் அங்கே 175-இல் நிற்கிறீர்கள். நடுவில் பதினெட்டு ரூஃபியா கடல்.

அதிகமா குறைவா என்று கேட்டீர்கள். சொல்ல மாட்டேன்.

ஹவ்வா


மாதெலு
20 ஜூன்

ஹவ்வா,

இது அநியாயம். நான் கேட்காதபோதெல்லாம் புத்தி சொன்னாய். வலையை இப்படி மடி, கடனை அப்படி அடை, அண்ணனை நம்பாதே, சோற்றுக்கு முன்னால் தேநீர் குடிக்காதே. இப்போது முதல் முறையாக வாய்விட்டுக் கேட்கிறேன், ஊமையாகிவிட்டாய்.

வானொலி கேட்டோம். கடல் நிலவரம் முடிந்ததும் விலை சொன்னார்கள். "விற்பனைக்கு இருநூறு பங்கு, நூற்று எழுபத்தைந்து ரூஃபியா." பேர் சொல்லாவிட்டால் என்ன, மாதெலுவுக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைகள்வரை என் பின்னால் "நூத்தி எழுபத்தஞ்சு, நூத்தி எழுபத்தஞ்சு" என்று கூவிக்கொண்டே ஓடுகிறார்கள். ஸன்ஃபா அத்தை, "பேராசைக்காரா, எறங்குடா. அவங்க மனசு மாறிடப் போகுது" என்கிறாள். தீவுத் தலைவர் ஏறு என்கிறார். ஒரு வாரமாக ஊரில் இதே பேச்சுதான். காஸிம்கூட வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வானொலி விலையே தருகிறேன் என்றார். நான் தளத்துக்கு வாருங்கள் என்றேன்.

நானே யோசித்தேன். இன்ஜின்காரரிடம் பேசினேன், அவர் கேட்பதைப் பங்கின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். 160-க்கு வந்தாலே கடன் வாங்காமல் முடியும். அதனால் 162 என்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். சரியா தப்பா என்று நீ சொல்ல வேண்டாம். நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட வர வேண்டுமாமே. மாதக் கடைசியில் ஹஸன்பே படகில் வருகிறேன். கடல் மோசமாக இருக்கிறது, இருந்தாலும் வருகிறேன். அத்தையும் வருகிறாள், நாற்பது பங்கோடு. வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள், ஆனால் வருவாள். யும்னாவிடம் சொல்.

மனிக்கு


மாலே
4 ஜூலை

மனிக்கு,

நீங்கள் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. யும்னா நீங்கள் கொண்டுவந்த கிளிஞ்சலை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் விலை சொல்கிறாள். சிறியதை விற்க மாட்டாளாம்.

திங்கட்கிழமை நடந்ததை உங்களுக்கு யாருமே ஒழுங்காகச் சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் முறையாகச் சொல்கிறேன். கேளுங்கள்.

காலையிலிருந்து நீங்கள் 162. அந்தப் பக்கம் 160. இரண்டு ரூஃபியாதான்! இரண்டு பேரும் அசையவில்லை. நீங்கள் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, மீன் கடிக்கக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். தளம் மூடக் கொஞ்ச நேரமே இருந்தது. அப்போது உங்களுக்குத் தேநீர் தாகம் வந்துவிட்டது. தரகரிடம் "நூத்தி அறுபத்தொண்ணுக்கு வந்தா குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு மீன் உருண்டை தின்னப் போய்விட்டீர்கள். மூன்று மாதமாக ஒரு நாடே காத்திருந்த நிமிஷத்தில், மனிக்கு, நீங்கள் மீன் உருண்டை தின்றீர்கள்.

நான் விற்போர் பலகையில் 162-ஐ அழித்து 161 எழுதினேன். அந்தப் பக்கத்துத் தரகர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வாங்குகிறவர் முதல் நாளிலிருந்து காத்திருக்கிற அந்த நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலைக்கு நடுவில் பேசுகிறார். அவருடைய வாப்பா அந்தக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தாராம். "161 வந்திருக்கு, என்ன செய்யலாம்?" என்று தரகர் கேட்கிறார். ஒரு நோயாளி கூப்பிட்டார்போல, நர்ஸ் போய்விட்டார்! ஷக்கீப் கடிகாரத்தைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். தரகர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "ஊசி போடப் போயிருக்காங்க, ஊசி போடப் போயிருக்காங்க" என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறார்.

பிறகு அவர் முகம் மாறியது. "எடுத்துக்கறாங்க! நூத்தி அறுபத்தொண்ணு! இருநூறும்!"

எழுதினேன். இடது பக்கம் 161. வலது பக்கம் 161. நடுவில் ஒரு கோடு போட்டேன். ஷக்கீப் மணியைத் தேடி ஓடினார். அதன் உறை பிரியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தார். அதற்குள் தரகர்கள் மேசையை அடித்தே முடித்துவிட்டார்கள். ஷக்கீப் மணியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே அழுதார். நான் அழவில்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த நாள் அத்தையின் நாற்பதும் 163-க்குப் போனது. இன்று விற்போர் பலகையில் ஐந்து தீவுகளின் எண்கள் இருக்கின்றன. கீழே இடம் போதவில்லை, சின்ன எழுத்தில் எழுதுகிறேன்.

இப்போது மற்றது. படகுத்துறையில் நீங்கள் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கோபத்தினால் இல்லை. ஹஸன்பே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

யோசித்தேன். நீங்கள் மாலேக்குக் குடி வந்தால் ஒரு மாதத்தில் பைத்தியம் பிடித்துவிடும். நான் மாதெலுவுக்கு வந்தால் எனக்கும் பிடித்துவிடும். போன முறை ஒரே வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம், வீடே போய்விட்டது. நீங்கள் கடலை விட வேண்டாம். நான் பலகையை விட மாட்டேன். யும்னாவுக்குப் பள்ளிக்கூடம் இங்கே, விடுமுறை அங்கே. இதற்கு ஒத்துக்கொண்டால், என் பதில் சம்மதம்.

நீதிமன்றத்தில் கேட்டேன். 18-ஆம் தேதி வியாழக்கிழமை, தளம் மூடிய பிறகு நிக்காஹை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாப்பிள்ளை தர வேண்டிய மஹராக என்ன கேட்பேன் என்று இப்போதே துருவாதீர்கள். பங்காகத் தர மட்டும் நினைக்க வேண்டாம். நான் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது.

ஹவ்வா


மாதெலு
14 ஜூலை

ஹவ்வா,

ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும்.

நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். முதலில் நீளமாக எழுதினேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்ஜின் பூட்டியாயிற்று. நேற்றுப் பவளப்பாறைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். சூரைக் கூட்டம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, அதன் மேலே பறவைகள். முதல் ஆளாக அங்கே போய்ச் சேர்ந்தது நான்தான்! மீன் தோணி விளிம்பைத் தாண்டித் தாண்டி விழுந்தது. நான் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். சொல்ல ஆள் இல்லை என்று நீ முதல் கடிதத்தில் எழுதினது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அத்தை தன் பணத்தில் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டுவிட்டு, மிச்சத்துக்குத் தளத்தில் திரும்பப் பங்கு வாங்க வேண்டுமாம். விற்றதைவிட விலை ஏறியிருக்கிறதே என்றால், "அதனாலதாண்டா வாங்கணும்" என்கிறாள். இந்தக் கிழவிக்கு நீ பதில் சொல்லிக்கொள்.

ஒன்பது பேர் கிளம்பிவிட்டோம். நாலு பேர் பங்கு விற்க, இரண்டு பேர் வாங்க, மற்றவர்கள் சும்மா பலகையைப் பார்க்க. வியாழக்கிழமை எல்லாருமே சாட்சிக்கு நிற்பார்களாம். வேண்டாம் என்றால் கேட்கிறார்களா? தோணியில் மாசி மூட்டை, தேங்காய், வாழைக்குலை, ஒரு ஆடு. ஆடு எதற்கு என்று எனக்குத் தெரியாது, தீவுத் தலைவரைக் கேள்.

தென்மேற்கில் மேகம் இருக்கிறது, காற்றும் உண்டு. பரவாயில்லை. என் இன்ஜின் தாங்கும்.

ஹஸன்பே கடிதத்தைக் கேட்டார். இந்த முறை அவரிடம் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நானே உன் கையில் தருகிறேன்.

மனிக்கு